திண்டிவனத்து இரவும் பத்தாண்டுக் காத்திருப்பும்: ஐடா ஸ்கடரின் முடிவு குறித்த ஓர் ஆராய்ச்சி

புதுச்சேரியிலிருந்து வடக்கே கடற்கரையை ஒட்டிச் செல்லும் சாலையில், நகரெல்லையைக் கடந்தவுடன் எதிர்ப்படும் ஊர் கோட்டக்குப்பம். இன்று விழுப்புரம் மாவட்டத்தைச் சார்ந்த இவ்வூர், அம்மாவட்டம் 1993-இல் தோன்றுவதற்கு முன்னர்த் தென்னார்க்காடு மாவட்டத்தின் பகுதியாய் இருந்தது. 1954-இல் புதுச்சேரி இந்தியாவோடு இணையும் வரையில் பிரெஞ்சு ஆட்சி நிலமும் ஆங்கில ஆட்சி நிலமும் ஒன்றையொன்று தொட்டு நின்ற எல்லையில் அமைந்தது இவ்வூர். இசுலாமியர் மிகுதியாக வாழ்வதும் இதன் இயல்பு. இங்கிருந்து வடமேற்கே உள்நாட்டில் அமைந்த திண்டிவனம் இப்பகுதியின் பழைய தலைமையூர்களுள் ஒன்று. புளியமரக் காடு எனப் பொருள்படும் 'திந்திரிணீவனம்' என்பதே அதன் பெயராய்த் திரிந்தது என்பர்.

எல்லையின் இருபுறத்தும் கிறித்தவம் இரு வேறு வடிவங்களில் வேரூன்றிற்று. புதுச்சேரிப் புறத்தில் கத்தோலிக்கம். முதலில் சேசு சபையாரும், 1773-இல் அச்சபை ஒடுக்கப்பட்ட பின்னர்ப் பாரிசு அயல்நாட்டு வேதபோதகச் சபையாரும் அதனை நடத்தினர். திண்டிவனப் புறத்தில் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையாரின் ஆற்காட்டு மிஷன். இவ்விரண்டாவதன் வரலாற்றில் ஓர் இரவு பெரும்புகழ் பெற்றுவிட்டது. திண்டிவனத்து மிஷன் மாளிகையில் தங்கியிருந்த இளம்பெண் ஒருத்தி, ஓரிரவில் நிகழ்ந்த மூன்று சாவுகளைக் கண்டு நெஞ்சுருகி, விடிவதற்குள் மருத்துவராகத் துணிந்தாள் என்பது அக்கதை. அப்பெண்ணே வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் (1870–1960) அம்மையார். பேச்சுமேடைகளிலும் ஞாயிற்றுப் பள்ளிகளிலும் இக்கதை எண்ணிறந்த முறை சொல்லப்பட்டிருக்கிறது. சொல்லுந்தோறும் அந்த முடிவு மேன்மேலும் விரைவானதாகவே ஆகிவந்துள்ளது. அது விரைவில் எழுந்த முடிவன்று. நெடுநாள் மறுப்பிலே கருக்கொண்டு, நெடுநாள் காத்திருப்பிலே உறுதிப்பட்டது என்பதே நம் கருத்து. அதனை நிறுவுதற்கு அவ்விரவின் முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றை நாம் ஒருசேர நோக்குதல் வேண்டும்.

ஸ்கடர் குடும்பம் தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. ஐடாவின் பாட்டனாராகிய முதல் ஜான் ஸ்கடர் 1819-இல் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்தவர். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி செய்தவர். அதே கப்பலில் அவருடன் வந்தவர்களுள் ஒருவர் மைரன் வின்சுலோ. 1862-இல் வெளிவந்த தமிழ்–ஆங்கிலப் பேரகராதியால் தமிழாராய்ச்சியாளர் அனைவரும் அறிந்த அப்பெரியாரே அவர். இருவரும் 1836-இல் சென்னைக்கு வந்து அச்சுக்கூடம் அமைத்தனர். முதல் ஸ்கடரின் ஆண்மக்கள் எழுவரும் மிஷன் பணியிலே ஈடுபட்டனர். அவர்களுள் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் என்னும் மூவரும் 1853-இல் ஆற்காட்டு மிஷனைத் தொடங்கினர். ஹென்றி மார்ட்டின் தமிழிலேயே நூலியற்றும் வன்மை வாய்ந்தவர். சந்தைவெளிகளில் சமயம் பேசுவார்க்குத் துணையாக அவர் தமிழில் எழுதியது 1869-இல் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. இக்குடும்பத்தார் நான்கு தலைமுறைகளில் நாற்பதின்மருக்கு மேல் இப்பணியில் வந்தனர் என்பர். ஐடாவின் தந்தையார் இரண்டாம் ஜான் ஸ்கடரும் மருத்துவரே.

இப்பின்னணியை நாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. இத்தகைய குடும்பத்திற் பிறந்த பெண், குலத்தொழிலை ஏற்றல் இயல்பே எனத் தோன்றலாம். நிகழ்ந்ததோ அதற்கு மாறானது. ஐடா இராணிப்பேட்டையில் 1870 திசம்பர் 9-ஆம் நாள் பிறந்தார். ஐந்து அண்ணன்மாருக்குப் பின் பிறந்த ஒரே மகள். ஆறேழு வயதிலே, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தை வேலூரில் நேரிற் கண்டார். பசித்து வந்த குழந்தைகளுக்கு உணவு கொடுக்கும் பணியில் அச்சிறு கைகளும் பங்கு கொண்டன. 1878-இல் குடும்பம் அமெரிக்கா சென்றது. பின்னர்த் தந்தையாரும், அவரைத் தொடர்ந்து தாயாரும் இந்தியாவுக்கு மீள, மகள் சிகாகோவில் உறவினர் இல்லத்தில் விடப்பட்டார். கடலுக்கப்பால் பெற்றோரும் இப்பால் மகளுமாய்க் கழிந்த ஆண்டுகள் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. டுவைட் மூடி என்னும் புகழ்பெற்ற நற்செய்தியாளர் மாசசூசெட்சில் நிறுவிய நார்த்பீல்டு பெண்கள் கல்விக்கூடத்தில் அவர் பயின்றார். மிஷனரி வாழ்க்கை தமக்கு வேண்டா என்று உறுதியாகக் கூறிவந்தார். அமெரிக்காவில் இல்லறம் அமைத்து வாழ்தலே அவர் விருப்பமாயிருந்தது.

வரலாறெழுதுவோர் பலர் இம்மறுப்பை ஓர் இளம்பெண்ணின் விளையாட்டுப் பிடிவாதம் போலக் காட்டி விரைவாகக் கடந்து செல்வர். நாம் அதனைப் பொருட்படுத்தியே ஆகவேண்டும். பஞ்சத்தைக் கண்ட கண்கள் அவை. பெற்றோரைப் பிரிந்த நெஞ்சம் அது. மிஷன் வாழ்க்கையின் விலை யாதென்று தெரியாமல் மறுத்தவரல்லர் அவர். நன்கு தெரிந்தே மறுத்தவர். அத்தகைய மறுப்புக்கும் அறியாமைக்கும் தொலைவு மிகுதி. பின்னர் அவர் அதனைக் கைவிட்டபோதும் அவ்விலையை அறிந்தே கைவிட்டார். அவர் முடிவுக்குக் கனம் தருவது இதுவே.

1890-இல் தாயார் நோயுற்றமையால் ஐடா திண்டிவனத்திற்கு வந்தார். தாயைப் பேணிச் சிறிது காலம் துணையிருந்து திரும்புதலே எண்ணம். அத்தங்கலின்போது, 1890-க்கும் 1895-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளுள் ஒன்றில், அவ்விரவு நேர்ந்தது.

அம்மையார் தாமே பிற்காலத்திற் கூறியும் வாழ்க்கை வரலாற்று நூல்கள் விரித்தும் வழங்கும் செய்தி இது. முன்னிரவில் பிராமணர் ஒருவர் மிஷன் மாளிகைக்கு வந்தார். மகப்பேற்றில் தம் இளமனைவி உயிருக்குப் போராடுகிறாள். உடனே வரவேண்டும் என்று ஐடாவை வேண்டினார். தாம் மருத்துவம் அறியாதவர், மருத்துவரான தந்தையார் வருவார் என்று ஐடா கூறினார். அயல் ஆடவர் ஒருவர் தம் மனைவியைப் பார்ப்பது தம் வழக்கத்திற்கு ஒவ்வாது, அதனினும் அவள் சாதலே மேல் என்று சொல்லி வந்தவர் திரும்பினார். சிறிது பொழுதில் இசுலாமியர் ஒருவர் அதே துன்பத்தோடு வந்தார். அதே விடையைக் கேட்டு அதே மறுப்போடு சென்றார். மூன்றாவதாக மற்றுமோர் உயர்குல இந்து வந்தார்; அவரும் அவ்வாறே மீண்டார். ஐடா அன்றிரவு உறங்கவில்லை. காலையில் ஊர்ப்புறத்தே சாப்பறை கேட்டது. ஆளனுப்பி வினவியபோது மூன்று பெண்டிரும் இறந்தமை தெரிந்தது. அறைக்குட் சென்று கதவடைத்து நெடும்பொழுது வேண்டுதலில் இருந்தவர், வெளிவந்து, அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று இந்நாட்டுப் பெண்டிர்க்கு உதவத் திரும்புவேன் என்று பெற்றோரிடம் உரைத்தார்.

இச்செய்தியை ஆராய்ச்சி நோக்கில் அணுகுவார்க்கு முதலில் ஓர் ஐயம் எழும். மூன்று பேர், மூன்று அழைப்பு, மூன்று சாவு என்னும் இவ்வமைதி கதைக்கென்றே வார்த்தெடுத்தது போல இருக்கின்றது. நாட்டார் கதைகளில் மூன்றென்னும் எண் பெறும் இடத்தை நாம் அறிவோம். விவிலியத்தை அறிந்தோர்க்கு ஒப்புமை இன்னும் தெளிவாகப் புலப்படும். சாமுவேல் முதல் நூலின் மூன்றாம் அதிகாரத்தில், இரவில் உறங்கும் சிறுவன் சாமுவேலைக் கடவுள் மும்முறை அழைக்கின்றார். அழைத்தவர் யாரென அறியாமல் அவன் மும்முறையும் தன் முதுகுருவாகிய ஏலியிடம் ஓடுகின்றான். நான்காம் அழைப்பிலே உணர்ந்து விடை கூறுகின்றான். ஐடாவும் மும்முறை அழைக்கப்பட்டார். மும்முறையும் தந்தையாரையே சுட்டினார். அதன் பின்னரே அழைப்பு தமக்கானது என உணர்ந்தார். சிறுவயது முதல் விவிலியத்தில் தோய்ந்த ஒருவர் தம் வாழ்வை நினைவுகூரும்போது, நினைவு இவ்வச்சிலே வந்து அமர்தல் வியப்பன்று.

இதனால் நிகழ்ச்சியையே பொய்யெனத் தள்ளுதல் ஆகாது. சான்று கூறுதல் என்னும் கிறித்தவ வழக்கிற்குத் தனக்கென ஓர் இலக்கிய வடிவம் உண்டு. சபைநடுவே நின்று தம்மிடத்துக் கடவுள் செய்ததை உரைப்பவர், சிதறிக் கிடந்த நாட்களை ஒரு நாளாகத் திரட்டியும், பல காரணங்களை ஒரு காரணத்துள் அடக்கியும் சொல்லுவர். கேட்போர் அதனைத் தேதிக் குறிப்பாகக் கொள்வதில்லை. நம் அடியார் வரலாறுகளிலும் ஒரு கணத்தில் உள்ளம் திரும்பியதாகக் கூறும் இடங்கள் பலவுள. அவற்றைப் பயின்றோர்க்கு இவ்வடிவம் அயலானதன்று. ஆதலின், அவ்விரவு நிகழ்ந்ததா என்னும் வினாவிலே தங்கிவிடாமல், அவ்விரவு எதனை முடித்தது, எதனைத் தொடங்கியது என்னும் வினாவிற்கு நாம் செல்லுதல் வேண்டும். அதற்கு விடைதரும் உறுதியான செய்தி ஒன்று உண்டு. அதுவரை மறுத்துவந்தவர் அமெரிக்கா திரும்பி 1895-இல் பிலடெல்பியாவிலிருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உள்ளத்து மாற்றத்திற்கு இதனினும் வலிய புறச்சான்று வேண்டுவதில்லை.

அக்காலத்து மகப்பேற்று நிலையையும் ஈண்டுக் கருதுதல் தகும். ஊர்களில் பேறு பார்த்தவர் மருத்துவச்சியரே. இயல்பான பேற்றில் அவர்தம் கைத்திறம் போதியதாயிருந்தது. குழந்தை குறுக்காகக் கிடப்பின், அல்லது குருதிப்போக்கு நில்லாவிடின், அவரால் செய்யத்தக்கது சிறிதே. கோஷா முறை தழுவிய இசுலாமிய இல்லங்களிலும் உயர்சாதி இந்து இல்லங்களிலும் ஆடவ மருத்துவர் புகுதல் அரிது. பெண் மருத்துவர் நாட்டில் அறவே இலர் என்பதும் உண்மையன்று. 1870-இலேயே கிளாரா சுவைன் என்னும் அமெரிக்கப் பெண்மணி வடநாட்டுப் பரேலியில் மருத்துவப் பணி தொடங்கிவிட்டார். சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இல் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவருள் ஒருவராகிய மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால், சாதியிந்துப் பெண்டிர்க்கும் கோஷாப் பெண்டிர்க்கும் உரிய தனி மருத்துவமனை 1885-இல் சென்னையில் எழுந்தது. அதே ஆண்டில் டப்ரின் சீமாட்டியின் நிதியும் ஏற்பட்டது. இவையெல்லாம் பெருநகரங்களைச் சுற்றியே நின்றன. திண்டிவனம் போன்ற வட்டத் தலைமையூருக்கும், அதனினும் உள்ளொதுங்கிய சிற்றூர்களுக்கும் அப்பயன் எட்டவில்லை. அவ்விரவில் வந்த மூவரும் பெண் ஒருத்தியைத் தேடி வந்தனரேயன்றி ஒரு சமயத்தைத் தேடி வரவில்லை. வெள்ளைக்காரப் பெண்ணாயினும், மருத்துவர் மகளாயினும், அவள் பெண் என்பதொன்றே அவர்கட்குப் போதுமானதாயிருந்தது.

இனி, கதவடைத்திருந்த அவ்வறைக்குள் நிகழ்ந்தது யாது? நாம் உட்புக இயலாத இடம் அது. ஆயினும், கிறித்தவ மரபில் இத்தகைய தெளிவு எவ்வாறு பெறப்படும் என்று கருதப்பட்டது என்பதை ஆராயலாம். முன்னர்ச் சுட்டிய எல்லையின் இருபுறத்து மரபுகளும் இங்கு நமக்குத் துணையாகும்.

சேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சி நூல் 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றது. வாழ்க்கைநிலையைத் தெரிவு செய்தற்கு மூன்று வேளைகள் உண்டென்று அந்நூல் வகுக்கின்றது. ஐயத்திற்கு இடமின்றி உள்ளம் ஒரேயடியாக ஈர்க்கப்படுவது ஒன்று. பவுலடியாருக்கு நேர்ந்தது இவ்வகை. ஆறுதலும் சோர்வும் மாறிமாறி வர, அவற்றை நெடிது நோக்கித் தெளிவது மற்றொன்று. உள்ளம் அலையின்றி அமைந்த வேளையில் இருபுறத்து நன்மை தீமைகளை நிறுத்துப் பார்த்து அறிவால் முடிவு செய்து, அம்முடிவைக் கடவுள் திருமுன் வைத்து ஒப்புதல் வேண்டுவது மூன்றாவது. சோர்வுற்ற வேளையில் முன்னைய முடிவை மாற்றலாகாது என்பதும் அந்நூலின் எச்சரிக்கை. நம் திருவள்ளுவர் தெரிந்து செயல்வகை, தெரிந்து தெளிதல் என மூன்றதிகார இடைவெளியில் இரண்டு அதிகாரங்களை வைத்தார். செயலைத் தெரிதலும் ஆளைத் தெளிதலும் அவர் கருதியவை. தன் வாழ்வையே தெரிதல் இஞ்ஞாசியார் கருதியது. பொருள் வேறாயினும், ஆராயாமல் துணிதலை இருவரும் ஒப்பவில்லை.

ஐடாவின் சபையோ கால்வின் வழிவந்த சீர்திருத்தச் சபை. அம்மரபில் அழைப்பு இருவகைப்படும். தன் நெஞ்சறிய ஒருவர் கடவுளிடமிருந்து பெறுவது உள்ளழைப்பு; சபை அவரை ஆராய்ந்து ஏற்றுக்கொள்வது புறவழைப்பு. முன்னதொன்றே பணிக்குத் தகுதி ஆகாது. சபையின் ஏற்பும் அதனோடு கூடுதல் வேண்டும் என்பது கால்வினின் கொள்கை. இதனை மனத்திற்கொண்டு நோக்கின், திண்டிவனத்து இரவு அம்மரபின்படியே முடிவின் ஒரு பாதி மட்டுமாம். மறுபாதி வருதற்கு ஆண்டுகள் பல ஆயின.

தமிழ்க் கிறித்தவர் வழக்கில் 'அழைப்பு' என்னும் சொல்லோடு 'தேவசித்தம்', 'திருவுளம்', 'காத்திருத்தல்' என்னும் சொற்களும் உடன் வழங்குதல் கருதத்தக்கது. காத்திருத்தல் என்பது இவ்வழக்கில் வாளாவிருத்தல் அன்று. வேண்டிக்கொண்டே செய்யத்தக்கதைச் செய்துவருதல் என்பதே அதன் பொருள். திருமணம், வேலை, ஊர்மாற்றம் முதலிய எதனையும் இவ்வாறு 'வைத்து வேண்டுதல்' இன்றும் இல்லங்களில் காணப்படும் வழக்கம். இவ்வழக்கின் வரலாறு தனி ஆராய்ச்சிக்கு உரியது.

காத்திருந்த ஆண்டுகளின் செய்திகள் சுருக்கமானவை. ஆயினும் அவை இரவுக் கதையினும் கனமானவை என்று நாம் கருதுகின்றோம். பிலடெல்பியாவில் தொடங்கிய படிப்பு நியூயார்க்கில் முடிந்தது. கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கிய பொழுதில் அங்கு மாறிய ஐடா, 1899-இல் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றவுடன் கப்பலேறவில்லை. வேலூரில் பெண்டிர்க்கென ஒரு மருத்துவமனை அமைத்தற்குப் பொருள் திரட்டும் பணி அவர்மேல் வந்தது. ஒருவர் இருவராகச் சிறுதொகைகள் வந்துகொண்டிருக்கையில், ஷெல் என்னும் நியூயார்க் வங்கியாளர் தம் மறைந்த மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் வழங்கினார். நார்த்பீல்டில் உடன்பயின்ற தோழி ஆனி ஹான்காக்குடன் புறப்பட்டு, 1900 சனவரி முதல் நாள் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். தாயைக் காண அவர் திண்டிவனம் வந்த 1890-இலிருந்து கணக்கிட்டால் பத்தாண்டுகள் ஆகின்றன. அவ்விரவிற்கும் மருத்துவராக அவர் முதல் நோயாளியைத் தொட்ட நாளிற்கும் இடையே, அம்முடிவைக் கைவிடுதற்கு எத்தனையோ வாய்ப்புகள் இருந்தன. கைவிட்டிருப்பின் அவரைக் குறைகூறுவார் எவரும் இலர். அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற பெண்ணுக்கு அங்கேயே மதிப்பும் வருவாயும் காத்திருந்தன.

சோதனை அதனோடும் முடியவில்லை. தந்தையாரின் கீழ்ப் பயிற்சி பெற்றுப் பணி தொடங்குதலே அவர் எண்ணம். வந்த ஆண்டிலேயே தந்தையார் இறந்தார். மருத்துவமனை இன்னும் எழவில்லை. இளம் மருத்துவர் தனித்து நின்றார். ஊரார் அவரை நம்பி வருதற்கும் நாளாயிற்று. மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902-இல் நாற்பது படுக்கைகளோடு திறக்கப்பட்டது. உள்ளழைப்புக்குப் புறவழைப்பு இவ்வாண்டிலேதான் முழுமையாகக் கிட்டிற்று என்று நாம் கொள்ளலாம்.

ஒப்புமைக்குத் தமிழிலக்கிய வரலாற்றிலிருந்து ஒருவரை நோக்குவோம். கரையிருப்பில் 1827-இல் பிறந்த எச். ஏ. கிருட்டிணபிள்ளை வைணவ வேளாளர், கம்பனில் தோய்ந்தவர். சாயர்புரத்துக் கல்விக்கூடத்திற்குத் தமிழாசிரியராக அவர் அமர்ந்தது 1853-இல்; சென்னை மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்றது 1858-இல். இடைப்பட்ட ஐந்தாண்டும் கிறித்தவர் நடுவே வாழ்ந்தும், அவர்தம் பிள்ளைகட்குத் தமிழ் பயிற்றியும், அவர் தம் பழைய சமயத்திலேயே நின்றார். நண்பரும் உடன்பிறந்தாரும் முன்னே சென்றனர். அவரோ நின்று ஆராய்ந்தார். முடிவு செய்த பின்னரும் அதன் கனி பழுத்தற்குக் காலம் நீண்டது. இரட்சணிய யாத்திரிகம் நூலாக வெளிவந்தது 1894-இல். ஏறத்தாழ ஐடா திண்டிவனத்தில் இருந்த அதே காலம். இருவருக்கும் வேறுபாடும் பெரிது. கிருட்டிணபிள்ளை இழக்க நேர்ந்தவை சுற்றமும் சாதியும். ஐடா அத்தகைய இழப்பு எதனையும் எய்தவில்லை. குடும்பம் விரும்பிய வழிக்கே அவர் வந்து சேர்ந்தார். ஆதலின் இவ்விருவருள் கடினமான முடிவு தமிழ்ப்புலவருடையதே என்பது நம் துணிபு. மிஷன் நூல்கள் இதனை இவ்வாறு நிறுத்துப் பார்ப்பதில்லை.

ஐடா அம்மையாரின் பிற்கால முடிவுகளிலும் இக்காத்திருத்தலின் சாயல் உண்டு. 1909-இல் செவிலியர் பள்ளி. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. பெண்கள் மூவரேனும் விண்ணப்பித்தால் அதுவே பெரிது என்று சென்னை அரசின் மருத்துவத் தலைமை அதிகாரி ஐயுற்றதாகக் கூறுவர். வந்த விண்ணப்பங்களோ இடங்களினும் பன்மடங்கு. முதல் அணியினர் 1922-இல் தேறி வெளிவந்தனர். 1930-களின் இறுதியில், பட்டயக் கல்வியை விடுத்துப் பல்கலைக்கழகப் பட்டக் கல்வியே வேண்டும் என்று அரசு முடிவு செய்தபோது பள்ளி மூடப்படும் நிலை வந்தது. 1938 திசம்பரில் தாம்பரத்தில் கூடிய உலக மிஷன் பேரவையின் காலத்தில், எல்லாச் சபைகளும் இணைந்து ஒரு கிறித்தவ மருத்துவக் கல்லூரி நடத்துதல் வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. அவ்வாறாயின் ஆடவரையும் சேர்த்தல் வேண்டும். பெண்கள் பெண்களுக்காகத் திரட்டிய பொருளால் எழுந்த நிலையத்தை ஆடவருக்குத் திறத்தல் அறமாகுமா என்று அமெரிக்க ஆதரவாளரிடையே கடும் பிணக்கு எழுந்தது. பழைய நட்பும் அதனால் முறிந்தது. திண்டிவனத்தில் ஆடவர் கை படலாகாது என்ற காரணத்தாலேயே பெண்கள் மாண்டனர். அந்நினைவிலே பிறந்த நிலையம் இப்பொழுது ஆடவரை ஏற்பதா என்பதே உள்ளுறைந்த வினா. அம்மையார் இருபுறத்தும் உண்மையிருக்கக் கண்டார். இறுதியில் இணைப்பையே ஏற்றார். 1942-இல் பட்ட வகுப்பிற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஏற்பு கிடைத்தது. 1947-இல் ஆடவர் சேர்க்கப்பட்டனர். இந்த முடிவைச் சொல்லும் மேடைக்கதை எதுவும் இல்லை. ஓரிரவில் நிகழாமையே அதற்குக் காரணம் போலும்.

இதுகாறும் நாம் முடிவு செய்தவரைப் பற்றியே பேசினோம். அவ்விரவில் வேறு மூவரும் முடிவு செய்தனர். மனைவியர் உயிரினும் வழக்கத்தைப் பெரிதெனக் கொண்ட அக்கணவர்களைக் கொடியவராகவே மிஷன் நூல்கள் காட்டுகின்றன. ஆயின், நள்ளிரவில் பிற சமயத்தார் இல்லத்துக் கதவைத் தட்டி அயல்மகளிடம் இரந்து நின்றவர் அவர்கள். வழக்கத்தின் எல்லை வரையில் நடந்து வந்து, அவ்வெல்லையைத் தாண்டமாட்டாது திரும்பினர் என்பதே நேரிய கூற்றாகும். உயிர் துறந்த பெண்டிர் மூவரையும் பொறுத்தவரை நூல்கள் ஒன்றும் கூறவில்லை. முதலாமவளின் இளமை மட்டும் பேசப்படுகின்றது. பெயரில்லை, தெருவில்லை, தந்தையார் கைப்பட அவர்களே ஒப்பியிருப்பரோ என்று எவரும் வினவியதாகவும் இல்லை. மேரி பாலின் ஜெப்ரி 1938-இல் எழுதிய வரலாற்றிலும், டாரதி கிளார்க் வில்சன் 1959-இல் எழுதிய வரலாற்றிலும் அவர்கள் ஐடாவின் முடிவுக்கு வாயிலாகவே நிற்கின்றனர்.

ஐடாவின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஷ்லெசிங்கர் நூலகத்தில் உள்ளன; எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் சென்னை மாகாண அரசின் பழைய ஏடுகளைக் காத்து வருகின்றது. இவற்றை ஒருங்கே வைத்துப் பயிலுதலோடு, திண்டிவனம் முதல் கோட்டக்குப்பம் வரையுள்ள ஊர்களின் அந்தணர், இசுலாமியர், வேளாளர் இல்லங்களில் பாட்டிமார் வழி வழங்கும் பேற்றுச் சாவுச் செய்திகளையும் தொகுத்தல் வேண்டும். இல்லறத்தில் சாவு நேர்ந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று பெயரிட்டு வழிபடும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் இன்றும் உள்ளன. முதுகலை மாணவர் எவரேனும் அவ்வழிபாட்டிலிருந்து தொடங்கினால், மிஷன் ஏடுகள் விட்டுவிட்ட மூன்று பெயர்களுள் ஒன்றேனும் அகப்படக்கூடும்.